ஆறு கணினியும் ஒரே தாளத்தில் பாட வேண்டுமானால்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். வீட்டின் கீழ்த்தளத்தில் டி.டி.பி., ஆல்பம் டிசைன் வேலை நடக்கிறது. ஹாலில் மூன்று கணினி, பக்கத்து அறைகள் இரண்டில் ஒவ்வொன்று, மாடியில் பழைய லேப்டாப் ஒன்று. எல்லாம் ஒரே ரவுட்டரில். ஹாலில் இருப்பவை லேன் கேபிளில், மற்றவை வைஃபையில். நான்கில் விண்டோஸ், இரண்டில் லினக்ஸ். வி.எல்.சி. என்ற பாட்டு, வீடியோ ஓட்டும் நிரல் வழியாக ஒரு கணினியிலிருந்து பாட்டை ஸ்ட்ரீம் செய்து பார்த்திருக்கிறீர்கள். ஆறிலும் பாட்டு வந்தது. ஆனால் ஒன்று பல்லவியை முடிக்கும்போது இன்னொன்று அப்போதுதான் தொடங்குகிறது. நடுவில் நின்றால் காது குழம்புகிறது. “ரவுட்டர் பழசு, மாற்றினால் சரியாகுமா?” என்று கேட்கிறீர்கள்.

பார்வைக்கு இது நெட்வொர்க் வேகத்தைப் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது வேறு. பாட்டை ஆறு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை உங்களுக்கு முடிந்துவிட்டது. சேர்ந்த பாட்டு ஆறு இடத்திலும் ஒரே கணத்தில் வாய் திறக்க வேண்டும், அது நடக்கவில்லை. முதலாவது வேகத்தின் வேலை. இரண்டாவது கடிகாரத்தின் வேலை. ரவுட்டரை மாற்றாதீர்கள், மாற்றினாலும் இந்தக் குழப்பம் அப்படியேதான் இருக்கும். கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தையும் நெட்வொர்க்கையும் பதினான்கு வருடம் பார்த்துக்கொண்டவன் நான். இதே பள்ளத்தில் விழுந்து எழுந்ததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேகம் காரணமில்லை என்பதை ஒரு கணக்கில் முடித்துவிடலாம். சி.டி. தரத்தில் ஒரு பாட்டு என்றால் விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒரு கணத்தின் ஒலி அளவு), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு தடம். பெருக்கினால் விநாடிக்கு 1,411 கிலோபிட். எந்தச் சுருக்கமும் செய்யாமல் ஆறு கணினிக்கும் தனித்தனியாக அனுப்பினாலும் எட்டரை மெகாபிட்டைத் தாண்டாது. எம்.பி.3 என்றால் இதில் பத்தில் ஒரு பங்குதான். யூடியூப் வீடியோ ஓடும் எந்த ரவுட்டரும் இதைத் தாங்கும்.

பிறகு ஏன் முன்பின்னாக வருகிறது? வி.எல்.சி. போன்ற நிரல்கள் ஸ்ட்ரீமைக் கையில் வாங்கியதும் பாடிவிடுவதில்லை. நெட்வொர்க்கில் சிறு தடங்கல் வந்தாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்று ஒரு விநாடி அளவுக்கு, சில சமயம் அதற்கும் மேலே, சேர்த்து வைத்துக்கொண்டு பாடத் தொடங்கும். அந்தச் சேமிப்புதான் பஃபர். அது எந்தக் கணத்தில் நிரம்பியது என்பது கணினிக்குக் கணினி மாறும். நீங்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் பிளே அழுத்திய நேரமும் வேறு. இணைய வானொலி அனுப்பும் ஐஸ்காஸ்ட் போன்ற சர்வர்களில் இன்னொரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், அவர் காத்திருக்க வேண்டாம் என்று ஏற்கெனவே போன பாட்டிலிருந்து 64 கிலோபைட்டை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடும். 128 கிலோபிட் ஸ்ட்ரீமில் அது நான்கு விநாடிப் பாட்டு. அதனால்தான் ஒரே வானொலியை இரண்டு அறையில் வைத்தால் ஒன்று சில விநாடி பின்னால் ஓடுகிறது. யாரும் தப்புச் செய்யவில்லை. “வந்ததும் பாடு, ஆனால் அறுபடாமல் பாடு” என்பதுதான் அந்த நிரல்களுக்கு இடப்பட்ட கட்டளை. “எல்லோரோடும் சேர்ந்து பாடு” என்று யாரும் அவற்றிடம் சொல்லவில்லை.

சேர்ந்து பாட என்ன வேண்டும் என்பதற்குக் கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு நேரில் வெற்றிலைபாக்கு வைத்துக் கொடுக்கிறோம், சிலருக்குத் தபாலில் போகிறது, சிலருக்கு வாட்ஸப்பில். ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு நாளில் கிடைக்கிறது. ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் மண்டபத்தில் இருக்கிறார்கள். காரணம், பத்திரிகைக்குள் முகூர்த்த நேரம் அச்சாகியிருக்கிறது. கிடைத்த நேரம் யாருக்கும் ஒரு பொருட்டில்லை. ஒலியையும் அப்படித்தான் அனுப்ப வேண்டும். பாட்டை இருபது மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் “இதை இத்தனை மணி இத்தனை விநாடி இத்தனை மில்லி விநாடிக்கு வாசி” என்று எழுதி, ஒரு விநாடி முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். வாங்கும் கணினி முன்னதாகப் பெற்றாலும் சரி, கொஞ்சம் தாமதமாகப் பெற்றாலும் சரி, முகூர்த்தம் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கும். அந்த ஒரு விநாடிக்குள் வராத துண்டு மட்டும் வீணாகும்.

இதற்கு ஒரே நிபந்தனை, எல்லோர் கைக்கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். உலக நேரத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு கணினியும் பத்து நிமிடம் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, ஆறும் ஒரே தவறில் இருந்தால் போதும். நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தை ஒத்துவைக்கும் கலை பழையது. அமெரிக்காவில் டேவிட் மில்ஸ் 1985-இல் முறைப்படுத்திய என்.டி.பி. (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்) என்ற முறைதான் இன்றும் உங்கள் கணினி நேரத்தைச் சரிசெய்கிறது. அதன் தந்திரம் எளிது. “மணி என்ன?” என்று கேட்ட நேரம், கேள்வி அங்கே போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், பதில் கைக்கு வந்த நேரம் என்று நான்கையும் குறித்துக்கொள்கிறது. வழியில் போன மொத்த நேரத்தைப் பாதியாக்கி, போகப் பாதி, வரப் பாதி என்று வைத்துக்கொண்டு வித்தியாசத்தைக் கணக்கிடுகிறது. பலவீனமும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. போகும் வழி காலியாகவும் வரும் வழி நெரிசலாகவும் இருந்தால் கணக்குத் தப்பும். கேபிளில் இது பெரும்பாலும் நடப்பதில்லை, ஒரு மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். வைஃபையில் நடக்கும். அதனால் ஒருமுறை கேட்டு நம்பாமல், பலமுறை கேட்டு, நடுவில் விழும் மதிப்பை எடுத்துக்கொள்வதுதான் நல்ல நிரல்களின் வழக்கம்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரியும். அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கணினியின் கடிகாரம் ஒன்று, சவுண்ட் கார்டின் கடிகாரம் இன்னொன்று. விநாடிக்கு 48,000 சாம்பிள் வாசி என்றால் சவுண்ட் கார்டு தனக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பைப் பார்த்துத்தான் எண்ணுகிறது. மலிவான படிகங்களில் பத்து லட்சத்துக்குச் சில பத்துப் பங்கு பிழை இருப்பது சாதாரணம். கேட்க ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். இரண்டு கணினிக்கு நடுவே பத்து லட்சத்துக்கு ஐம்பது வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடியில் 50 மைக்ரோ விநாடி. ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி. காலையில் ஒன்றாகத் தொடங்கிய பாட்டு மதியச் சாப்பாட்டுக்குள் அரை விநாடிக்கு மேல் பிரிந்திருக்கும். “ஆறு பேர் ஆறு கணினி முன் உட்கார்ந்து ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் பிளே அழுத்தினால் போதாதா?” என்று என் மாணவர்கள் கேட்பார்கள். தொடக்கம் ஒத்துப்போகலாம். ஓட்டம் ஒத்துப்போகாது.

பிரிவதைத் தடுக்க, பின்தங்கும் கணினி அவ்வப்போது ஒரு சாம்பிளை விழுங்க வேண்டும், முந்தும் கணினி ஒரு சாம்பிளைத் திரும்பச் சொல்ல வேண்டும். நம் கணக்கில் ஐம்பது பங்கு என்பது விநாடிக்கு இரண்டு மூன்று சாம்பிள்தான். நாற்பத்தெட்டாயிரத்தில் இரண்டு மூன்று போனால் காதுக்குத் தெரிவதில்லை. எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டையும் விசாரியுங்கள்: துண்டின் தலையில் நேரம் எழுதுகிறதா, ஓடும்போதே சவுண்ட் கார்டின் பிசகைத் திருத்துகிறதா. இரண்டும் இல்லாத எதுவும், விளம்பரத்தில் என்ன சொன்னாலும், “பல அறையில் பாட்டு” மட்டும்தான். “ஒரே பாட்டு” ஆகாது.

எவ்வளவு துல்லியம் போதும்? இதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு அமைப்பைப் பொறுத்தது. ஒலி காற்றில் நம் ஊர் வெப்பத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. ஒரு மீட்டருக்கு 3 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட எளிது. ஆடி மாதத்தில் தெருமுழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். எல்லாம் ஒரே ஆம்ப்ளிஃபயரில் இருந்து வயர் போனவை, மின்சார அளவில் நூற்றுக்கு நூறு ஒத்துப் பாடுபவை. இருந்தாலும் வாசலில் நின்றால் பக்கத்துக் கம்பத்துக் குழாய் ஒரு முறையும் நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாய் கால் விநாடி கழித்து இன்னொரு முறையும் பாடும். அங்கே மைக்செட்காரரைத் திட்டிப் பயனில்லை, தூரம் அது. ஆக, கணினிகளைத் துல்லியமாக ஒத்துவைத்தாலும் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே இருக்கும் தூரம் தன் பங்கைச் சேர்த்துக்கொள்ளும். ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் 15 மில்லி விநாடி உங்கள் கையில் இல்லை.

நல்லவேளையாக நம் காது மன்னிக்கும் குணம் உள்ளது. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்வு இதைப் பற்றியதுதான். ஒரே ஒலி சில மில்லி விநாடி முதல் முப்பது மில்லி விநாடி வரை பிந்தி இரண்டாவது முறை வந்தால், காது அதைத் தனி ஒலியாகக் கேட்பதில்லை. முதலில் வந்ததோடு ஒட்டிக்கொண்டு, முதல் ஸ்பீக்கர் இருக்கும் திசையிலிருந்தே எல்லாம் வருவதாக நினைத்துக்கொள்கிறது. பேச்சில் ஐம்பதைத் தாண்டும்போதுதான் எதிரொலி தெளிவாகப் பிரிகிறது. மெதுவான வயலின் இழைப்பில் அதற்கு மேலும் தாங்கும். மிருதங்கத்தின் ஒற்றைத் தட்டில் அதற்கு வெகு முன்னாலேயே “இரட்டையாக விழுகிறதே” என்று தெரிந்துவிடும். இவை ஆளுக்கு ஆள், பாட்டுக்குப் பாட்டு மாறும் எண்கள். எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளாமல் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு இதன் பொருள்: மாடி லேப்டாப் கீழே கேட்கவே கேட்காது என்றால் அது முப்பது நாற்பது மில்லி விநாடி பிசகினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பக்கத்து அறைகள், கதவு திறந்திருந்தால், இருபதுக்குள் இருக்கட்டும். சிக்கல் ஹாலில் இருக்கும் மூன்றில்தான். ஒரே காது மூன்றையும் சேர்த்துக் கேட்கிறது. இங்கே ஒரு மில்லி விநாடி வித்தியாசம்கூட எதிரொலியாக வராமல் வேறு வேடத்தில் வரும். சம அளவில் சேரும் இரண்டு ஒலி ஒரு மில்லி விநாடி விலகினால் 500 ஹெர்ட்ஸ், 1500, 2500 என்று வரிசையாகச் சில சுருதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். நாற்காலியை ஒரு அடி நகர்த்தினால் வேறு சுருதிகள் காணாமல் போகும். மென்பொருளால் இதை முழுக்கத் தீர்க்க முடியாது. என் யோசனை, ஹாலில் மூன்றுக்கும் பதில் ஒரே கணினியில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வையுங்கள். ஆறு ஸ்பீக்கர் புள்ளி நான்காகக் குறையும், தலைவலி பாதிக்கு மேல் குறையும். கேட்டதற்கு நேர் பதில் இதுவல்ல என்று தெரியும். ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன்.

இனி நான் விழுந்த பள்ளம். ஆய்வகத்தில் இருபத்து நான்கு கணினி, எல்லாம் லினக்ஸ், எல்லாம் கேபிளில். ஆங்கில உச்சரிப்புப் பயிற்சிக்கு ஒரே ஒலி எல்லாவற்றிலும் வர வேண்டும் என்றார்கள். இருபத்து நான்கு முறை அனுப்புவானேன், ஒரே முறை அனுப்பினால் சுவிட்ச் (லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி) எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்குமே என்று மல்டிகாஸ்டைக் கையில் எடுத்தேன். லினக்ஸின் ஒலியைக் கவனிக்கும் பல்ஸ்ஆடியோவில் அதற்கென்றே ஆர்.டி.பி. என்ற ஒலி அனுப்பும் மாட்யூல் இருக்கிறது, 224.0.0.56 என்ற முகவரிக்குக் கொட்டும். ஆய்வகத்தில் அழகாக வேலை செய்தது. பத்து நிமிடத்தில் மேல்மாடியிலிருந்து ஆள் வந்தார், “வைஃபை செத்துப்போச்சு சார்.” நான் சம்பந்தமே இல்லை என்று சாதித்தேன். அன்று மாலை ஸ்ட்ரீமை நிறுத்தியதும் வைஃபை உயிர்த்தது.

காரணம் இதுதான். எங்கள் சுவிட்சுக்கு யார் மல்டிகாஸ்ட் கேட்கிறார்கள், யார் கேட்கவில்லை என்று பார்த்து அனுப்பும் புத்தி இல்லை. எல்லாத் துளையிலும் கொட்டியது. அதில் ஒரு துளையில் வைஃபை கருவி இருந்தது. வைஃபையில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் பாக்கெட்டுக்கு “கிடைத்தது” என்று பதில் வரும், வராவிட்டால் திரும்ப அனுப்பும், வேகத்தையும் அவருக்கு ஏற்றபடி கூட்டும். எல்லோருக்கும் என்று அனுப்பும் மல்டிகாஸ்டுக்கு அந்தப் பதில் கிடையாது. கடைக்கோடியில் இருப்பவருக்கும் எட்ட வேண்டும் என்று மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது பல கருவிகளில் விநாடிக்கு 1 மெகாபிட். சுருக்காத பாட்டோ 1.4 மெகாபிட். ஒரு மெகாபிட் குழாயில் ஒன்றே கால் மடங்குக்கு மேல் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. இணையத்தில் பல இடங்களில் மல்டிகாஸ்டைப் பரிந்துரைப்பார்கள். முழுக்கக் கேபிளில், மல்டிகாஸ்டைக் கவனித்து அனுப்பும் சுவிட்சில் அது நல்ல வழிதான். வைஃபை கலந்த உங்கள் வீட்டில் வேண்டாம். ஆறு கணினிக்கு ஆறு தனி ஸ்ட்ரீம், அவ்வளவுதான்.

நான் இன்று சொல்லக்கூடிய வழி ஸ்னாப்காஸ்ட் என்ற மென்பொருள், முன்பு விசாரிக்கச் சொன்ன இரண்டையும் செய்வது. இலவசம், திறந்த மூலம். உங்கள் இரண்டு லினக்ஸ் கணினியில் கேபிளில் இருப்பதை ஸ்னாப்சர்வர், அதாவது பாட்டை அனுப்பும் கணினி, ஆக்குங்கள். டெபியன், உபுண்டு வகை என்றால் பொதித் தொகுப்பிலேயே கிடைக்கும். பாட்டு வாசிக்கும் நிரலாக எம்.பி.டி., அதாவது மியூசிக் பிளேயர் டீமன், அதே கணினியில் இருக்கட்டும். எம்.பி.டி. பாட்டை சவுண்ட் கார்டுக்கு அனுப்பாமல் ஒரு பைப் கோப்புக்குள் ஊற்றும். ஸ்னாப்சர்வர் அதை அள்ளி, துண்டாக்கி, நேரம் எழுதி, தரம் குறையாத ஃபிளாக் முறையில் சுருக்கி அனுப்பும். சர்வர் உட்பட, பாட வேண்டிய எல்லாக் கணினியிலும் வாங்கி வாசிக்கும் ஸ்னாப்கிளையண்ட். அவை சர்வரிடம் அடிக்கடி மணி கேட்டுக்கொண்டு, சாம்பிளை விழுங்கியும் திரும்பச் சொல்லியும் ஒத்துப் போகும். தனியாக என்.டி.பி. ஏற்பாடு வேண்டாம். பாட்டைத் தேர்ந்தெடுக்க, எம்.பி.டி.யைக் கையாளும் செயலி ஏதாவது ஒன்றைக் கைபேசியில் போட்டுக்கொண்டால் போதும். (என் அனுபவத்தில் சண்டை அதன்பிறகுதான் தொடங்கும்: யார் கைபேசியில் அந்தச் செயலி இருப்பது என்று.)

மூன்று இடத்தில் தடுமாறுவீர்கள், முன்பே சொல்லிவிடுகிறேன். எம்.பி.டி.யில் கொடுக்கும் சாம்பிள் அளவும் ஸ்னாப்சர்வரில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்னாப்சர்வர் இயல்பாக 48,000, 16 பிட், இரண்டு தடம் என்று எதிர்பார்க்கும். நீங்கள் 44,100-ஐ ஊற்றினால் பாட்டு ஒன்பது சதவீதம் வேகமாக, சுருதி ஏறி, பாடகருக்கு பஸ் பிடிக்க அவசரம் என்பதுபோல் ஓடும். அடுத்தது ஃபயர்வால். ஒலி 1704 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வாசலில்) போகும், அதைத் திறந்துவிட வேண்டும். மூன்றாவது, ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை. அதில் சேர்ந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பெரும்பாலும் தடுத்திருப்பார்கள். கணினிகள் முதன்மை வைஃபையில் இருக்கட்டும். சர்வருக்கு ரவுட்டரில் ஒரு நிலையான ஐ.பி. முகவரி ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போய் வரும் நாளெல்லாம் “பாட்டு வரல” என்று உங்களைக் கூப்பிடுவார்கள்.

விண்டோஸ் கணினிகளுக்கும் ஸ்னாப்கிளையண்ட் உண்டு. நிறுவப் பிடிக்காவிட்டால் பிரவுசரில் சர்வரின் முகவரியை 1780 போர்ட்டோடு திறந்தால் ஒரு பக்கம் வரும், அதிலேயே பாட்டு கேட்கலாம், ஒவ்வொரு கணினியின் ஒலி அளவையும் கூட்டிக் குறைக்கலாம். சந்தேகத்துக்குரியதும் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்னாப்காஸ்ட்டை எழுதியவர்கள் பிசகு பொதுவாக 0.2 மில்லி விநாடிக்குள் இருக்கும் என்கிறார்கள். அந்த எண்ணை நம்பலாம். ஆனால் அது மென்பொருள் தன் கையில் வைத்திருக்கும்வரை உள்ள கணக்கு. அதன்பிறகு விண்டோஸின் ஒலி அடுக்கு, டிரைவர், பிரவுசர் என்றால் அதன் சொந்த பஃபர், எல்லாம் ஆளுக்குச் சில மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். அவை கணினிக்குக் கணினி வேறு, தூரத்திலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது பெரிய வித்தையல்ல. மிருதங்கத் தட்டோ கைத்தட்டலோ, கூர்மையாகத் தொடங்கும் ஒலி ஒன்றை இரண்டு விநாடிக்கு ஒருமுறை வரும்படி ஒரு கோப்பாக்கி ஓடவிடுங்கள். அளக்க வேண்டிய கணினியின் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து சர்வர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வையுங்கள், அல்லது நீண்ட வயர் இழுங்கள். இரண்டுக்கும் சம தூரத்தில் கைபேசியை வைத்துப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் நிரலில் திறந்தால் இரண்டு தட்டும் இரண்டு முள்ளாகத் தெரியும். இடையில் உள்ள இடைவெளியை அதுவே மில்லி விநாடியில் சொல்லும். எது எந்தக் கணினி என்று குழம்பாமல் இருக்க, ஒன்றின் ஒலியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். குட்டை முள் அது. கிடைத்த எண்ணை ஸ்னாப்காஸ்டில் அந்தக் கணினியின் தாமத அமைப்பில் போட்டுவிட்டால் முடிந்தது. ஒருமுறை அளந்து முடிவு செய்யாதீர்கள். கணினியை அணைத்துப் போட்டு மறுபடி அளங்கள். அதே எண் வந்தால் நிலையான தாமதம், திருத்திவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் அதைத் திருத்த வழியில்லை.

புளூடூத் ஸ்பீக்கரை நான் சேர்க்க வேண்டாம் என்பது இதனால்தான். அதன் தாமதம் 100 முதல் 300 மில்லி விநாடி வரை சாதாரணமாகப் போகும். அது நிலையாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இணைப்பு அறுந்து ஒட்டும்போதெல்லாம் மாறிவிடுவதை நான் பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன். டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. வழியாகப் போகும் ஒலியும் தாமதிக்கும், ஆனால் அது பெரும்பாலும் மாறாமல் நிற்பதால் திருத்த முடியும்.

வேறு வழிகளும் உண்டு. 2001-இல் ஸ்லிம்பி3 என்ற கருவியோடு தொடங்கி ஸ்குவீஸ்பாக்ஸாக வளர்ந்த சர்வர் இன்று லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. கருவிகள் 2012-இல் நின்றுபோனாலும் மென்பொருள் நிற்கவில்லை. கணினிகளில் அதற்கான வாசிக்கும் நிரலான ஸ்குவீஸ்லைட்டைப் போட்டு அதோடு ஒத்து ஓடவிடலாம். பாட்டுத் தொகுப்பு பெரிதாக, ஆல்பம் அட்டைப்படத்தோடு அழகாக வேண்டும் என்பவர்களுக்கு ஸ்னாப்காஸ்டைவிட அது பிடிக்கும். வீட்டில் எல்லோரிடமும் ஐபோன் என்றால் லினக்ஸ் கணினிகளில் ஷேர்போர்ட் சிங்க் என்ற நிரலைப் போட்டு, ஆப்பிளின் ஏர்பிளே வழியாக அனுப்பலாம். ஏர்பிளேயின் இரண்டாம் பதிப்பு கடிகாரத்தை ஒத்துவைக்க என்.டி.பி.க்குப் பதில் பி.டி.பி. என்ற வேறு முறையைப் பயன்படுத்துகிறது. வி.எல்.சி.யிலேயே ஒரு கணினியைத் தலைமையாக வைத்து மற்றவை பின்பற்றும் நெட்சிங்க் என்ற வசதி உண்டு. நான் ஓட்டிப் பார்த்தவரை வீடியோச் சுவர் அமைக்க அது சரி, நாள் முழுக்கப் பாட்டு ஓட்ட அது நம்பகமாக இல்லை.

இதில் எதனாலும் ஆகாதது ஒன்று உண்டு. மைக்கில் பேசினால் உடனே எல்லா அறையிலும் வர வேண்டும் என்று நாளை நினைத்தால் இந்த வழி உதவாது. ஒரு விநாடி முன்கூட்டி அனுப்புவதுதான் இதன் உயிர்நாடி. நீங்கள் பேசி ஒரு விநாடி கழித்துத்தான் ஸ்பீக்கர் பேசும். அதே காரணத்தால் பாஸ் அழுத்தினாலும் ஒரு விநாடி கழித்துத்தான் நிற்கும், வீடியோ பார்த்தால் உதடும் ஒலியும் சேராது. நேரடி ஒலிக்கு டான்டே, ஏ.இ.எஸ்.67 போன்ற தொழில்முறை ஏற்பாடுகள் இருக்கின்றன, அவை கேபிளில் சில மில்லி விநாடிக்குள் முடிப்பவை. நான்கு அறை வீட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது. ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் வயரும் வாங்கி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது மேல்.

தொடங்கும்போது கேபிளில் இருக்கும் இரண்டு கணினியை மட்டும் வைத்து ஓட்டுங்கள். அது சரியாக நின்ற பிறகு அறைகளைச் சேருங்கள், மாடி லேப்டாப்பைக் கடைசியில். அந்த லேப்டாப்பில் வைஃபை மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ரேடியோ அடிக்கடி கண்ணசந்துவிடும், பாக்கெட்டுகள் ரவுட்டரிலேயே வரிசையில் நிற்கும். அதன்பிறகும் மாடியில் மட்டும் விட்டுவிட்டு வந்தால் ஸ்னாப்சர்வரின் பஃபரை 1000-லிருந்து 1500 மில்லி விநாடி ஆக்கிப் பாருங்கள். 2000 வைத்தும் அறுபட்டால் அது கடிகாரப் பிரச்சினை இல்லை, மாடிக்கு சிக்னல் எட்டவில்லை. அங்கே ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.